ஐஸ் பெட்டி சசிரேகா எழுதிய ஒப்பந்தம்

கண்ணாடியில் விரல் முட்டி படும் சத்தம் உள்ளறையிலிருந்து கேட்டது. மூன்று தட்டு. சற்று நின்று, மறுபடியும் மூன்று.

முன்னறையில் முத்திரைத்தாளில் தேதி போட்டுக்கொண்டிருந்த சசிரேகாவின் பேனா அப்படியே நின்றது. உள்ளறையில் இருப்பவை இரண்டு ஐஸ் பெட்டிகள். இறந்தவர்களைக் கிடத்தி வைப்பதற்காக அவள் வாடகைக்கு விடும் பெட்டிகள். மூன்றாவதை அவள் கணவன் விஜய் காலையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு திருப்புலிவனத்துக்குப் போய்விட்டான். மற்ற இரண்டும் காலி. காலிப் பெட்டிக்குள்ளிருந்து யார் தட்டுவது?

பிறகுதான் அந்தப் பெரியவரின் நினைப்பு வந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் வந்தவர், "பொட்டிய ஒரு தபா பாத்துட்டு வரட்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அதன் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை.

அவள் எழுந்து ஓடினாள். பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே மின்சாரம் கிடையாது. வெளியே மழை கட்டி நின்றதால் மூன்று மணிக்கே அறை இருண்டிருந்தது. சுவரோரப் பெட்டியின் கண்ணாடி மூடி சாத்தியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டை. மார்பின் மேல் மடித்து வைத்த இடது கை. சேர்த்து வைத்த கால்கள். திறந்த இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வலது கை மட்டும் மெல்ல எழுந்து, கண்ணாடியை இன்னொரு முறை தட்டியது.

சசிரேகாவின் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததோ அவளுக்கே தெரியாது. வெளிப்பக்கத்துக் கொக்கியைப் பிடுங்கி மூடியைத் தூக்கினாள். பெரியவர் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார்.

"மூடி தானா வுயுந்து மாட்டிக்கிச்சிம்மா. நீளம் பாத்தேன். சரியாத்தான் கீது."

"உங்களுக்கு இன்னா பைத்தியமா ஐயா? உள்ள காத்து போவாது! மூச்சு முட்டி செத்துக் கித்து போயிருந்தா?"

"போனா இன்னா? தூக்கினு வர்ற வேல மிச்சம். எங்க கெடக்கணுமோ அங்கயே கெடந்திருப்பேன்."

பொக்கை வாயால் சிரித்தார். சசிரேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்து முன்னறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் மடமடவென்று குடித்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள் கிடையாது. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று ஊர் பேரைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். விஜயின் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அந்தத் தெருவில் யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று ஜனங்கள் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பார்கள்.

"சொல்லுங்க ஐயா. யாருக்குப் பெட்டி?"

"எனக்குத்தாம்மா. இப்போ இல்ல, போறப்போ. இப்பவே எயுதி வெச்சிக்கலாம்னு வந்தேன். என் பொண்ணு குவைத்துல கீறா. அவ வந்து என் மூஞ்ச பாக்கற வரைக்கும் என்னிய மண்ணுல எறக்கக் கூடாது. அத எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கற மாதிரி நீ எயுதிக் குடுக்கணும்."

"பேரு, ஊரு சொல்லுங்க."

"தானியேல். மாகறல்."

சசிரேகா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் படுத்துப் பாத்தேனே, அந்தப் பொட்டி. மூலையில நசுங்கிக் கீது பாரு. அதுலதான என் வூட்டுக்காரி சிட்டம்மா படுத்திருந்தா?" என்றார் தானியேல், யாரையும் குறை சொல்லாத குரலில்.

ஆமாம். அதே பெட்டிதான்.

சசிரேகா கல்யாணத்துக்கு முன்பிருந்தே பதினோரு வருஷம் உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்த்தவள். பத்திரத்தில் 'சுமார்' என்று விழுந்த ஒரே ஒரு சொல்லுக்காக அண்ணனும் தம்பியும் பேசாமலே கிழவர்களாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன் விஜயும் அவளும் முதல் பெட்டியை வாங்கியபோது இந்தப் படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ! சாவு வீட்டில் போய் ஒப்பந்தம் பேசுவதா என்று கூச்சப்பட்டாள். ஷாமியானா பந்தல்காரரிடம் ஒரு வாடகைச் சீட்டை வாங்கி, 'நாற்காலி' என்ற இடத்தில் 'பெட்டி' என்று மாற்றி அச்சடித்துக்கொண்டாள். பெட்டியைப் பழுது பார்க்கும் வாலாஜாபாத் ஸ்ரீகாந்திடமோ எழுத்தே கிடையாது. "ரிப்பேர்னா ஒரு போன் போடுக்கா, வரேன்" என்ற வாய்ச் சொல்லோடு சரி.

அந்த வருஷச் சித்திரை வெயிலில், மாகறல் காலனியில், சிட்டம்மாளைக் கிடத்தியிருந்த பெட்டி இரண்டாம் நாள் மதியம் நின்றுபோனது. ஸ்ரீகாந்துக்குப் போன் போட்டார்கள். அவன் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. "வரேன்னு சொன்னேன். எப்போன்னு சொன்னேனா?" என்றான். அதற்குள் சிட்டம்மாளின் முகத்தில் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். இனி வைத்திருக்க முடியாது என்று எடுத்தும் விட்டார்கள். விமான நிலையத்திலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்த மகள் ஷீபா பார்த்தது ஈர மண் மேடு ஒன்றைத்தான். மண்ணைக் கையால் தோண்டப் போனாளாம். நான்கு பேர் பிடித்து இழுத்தார்களாம்.

நியாயம் கேட்கலாம் என்று உறவுக்காரர்கள் அந்த வாடகைச் சீட்டை ஒரு வக்கீலிடம் கொண்டு போனார்கள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'வாடகைக்கு எடுப்பவர்' என்ற இடத்தில் சிட்டம்மாள் என்று இருந்தது. அழுகிற வீட்டில் போய் "பேரு இன்னா?" என்று கேட்டால் இறந்தவர் பேரைத்தானே சொல்வார்கள்? பெட்டி இறக்கிய விஜயும் அப்படியே எழுதிக்கொண்டான். அதற்குக் கீழே புருஷனின் கைநாட்டு, பேர் இல்லாமல். செத்துப்போன பெண் தனக்குத் தானே பெட்டி வாடகைக்கு எடுத்திருக்கிறாள் என்றது அந்தத் தாள். அதை வைத்துக்கொண்டு யார் மேல் வழக்குப் போடுவது?

அந்தத் தாளின் நகல் இன்னும் சசிரேகாவின் இழுப்பறையில் இருக்கிறது. 'பெட்டியைத் திருப்பி ஒப்படைத்தேன்' என்ற இடம் காலியாகவே இருக்கிறது. தாளின்படி பார்த்தால் சிட்டம்மாள் இன்னும் அந்தப் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. நடுப்பகலில் உள்ளறையைக் கடக்கும்போதெல்லாம் சசிரேகாவுக்கு அது நினைவுக்கு வரும். சுவரோரப் பெட்டியை அதன் பிறகு அவள் எந்தச் சாவுக்கும் அனுப்பியதில்லை. விற்கவும் மனம் வரவில்லை. யாரோ அதில் குடியிருப்பது போல அதற்கு மட்டும் தினமும் தூசி தட்டுவாள்.

அன்றிலிருந்துதான் அவள் எழுத ஆரம்பித்தாள். வாடிக்கைக்காரர் சீட்டில் மேலே இறந்தவர் பேருக்கு ஒரு கட்டம், கீழே பொறுப்பேற்கும் உயிரோடிருப்பவர் பேருக்கு ஒரு கட்டம். குடித்தவரிடம் கையெழுத்து வாங்குவதில்லை. சாட்சி இரண்டு பேர். மூடியை யார் திறக்கலாம், இயந்திரம் நின்றால் எத்தனை நிமிடத்துக்குள் யாருக்குச் சொல்ல வேண்டும், எல்லாம் எழுத்தில். மற்ற கடைக்காரர்கள் காலனிக்குப் பெட்டி அனுப்பத் தயங்குவார்கள். இவள் சீட்டில் 'எந்தத் தெருவானாலும்' என்று அச்சடித்தே இருக்கும். ஸ்ரீகாந்தையும் உட்கார வைத்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கினாள். தகவல் சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும், சரிசெய்ய முடியாவிட்டால் தன் செலவில் மாற்றுப் பெட்டி இறக்க வேண்டும், தவறினால் அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போகும்.

"என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ கையெழுத்து போடலக்கா" என்று ஸ்ரீகாந்த் புலம்பினான்.

"கல்யாணத்துல தப்பு நடந்தா வூட்டோட போயிடும். இதுல தப்பு நடந்தா அந்த மூஞ்சி திரும்பக் கெடைக்காது. போடு" என்றாள்.

இப்போது அந்த மூஞ்சியைப் பறிகொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"உங்க பொண்ணு... ஷீபா..." என்று இழுத்தாள் சசிரேகா.

"அன்னிக்குப் பேசனதுதான். 'எங்கம்மா மூஞ்சக்கூட காட்டாத பொதச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு நைனாவா'ன்னு கேட்டுட்டு பிளேன் ஏறிட்டா. ஆறு வருசம் ஆச்சி, ஒரு வார்த்த இல்ல. என் போனையும் எடுக்க மாட்டா. மாசம் பொறந்தா மருந்து மட்டும் யார்கிட்டனா குடுத்து அனுப்புவா."

"ஐயா, நீங்க வேற கடைக்குப் போயிருக்கலாமே. என்னால வந்த வினைதானே இதெல்லாம்?"

"அதுக்கோசரம்தான் உன்கிட்ட வந்தேன். வேற கடைக்காரனுக்கு இன்னா பயம் கீது? உனக்குத்தான் பயம் கீது."

சசிரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தாளை எடுத்தாள். எழுத்து வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குக் கை நடுங்காது.

"ஐயா, மொதல்ல ஒண்ணு. நீங்களும் நானும் மட்டும் கையெழுத்து போட்டா இது வெறும் காகிதம். நீங்க போனப்புறம் இத எடுத்துக்கினு வந்து யாரு என்கிட்ட கேப்பாங்க? உசுரோட கீற ஒருத்தருக்குக் கேக்கற உரிமை இருக்கணும். உங்க வூட்டுல அன்னிக்கு முடிவு பண்றது யாரு?"

"அண்ணன் மவன் வசந்த்குமார். நல்ல பையன்தான். ஆனா பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு நாலு பேரு கத்தினா தலய ஆட்டிடுவான்."

"அவரு ரெண்டாவது ஆளு. பெட்டிய உள்ள வுடறேன், பொண்ணு வர்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு அவரு கையெழுத்து போடணும். மூணாவது ஆளு உங்க பொண்ணு."

தானியேலின் முகம் சுருங்கியது. "அவ எதுக்கு?"

"அவங்களுக்கோசரம்தானே இந்த ஒப்பந்தமே? 'மகள் வரும் வரை'ன்னு எழுதினா நிக்காது ஐயா. வரும் வரைன்னா எப்ப வரை? எழுபத்திரண்டு மணி நேரம்னு எழுதறேன். அதுக்குள்ள வரேன்னு அவங்க ஒத்துக்கணும்."

சசிரேகா ஆறு நிபந்தனைகளையும் எழுதி முடித்தாள். புதுப் பெட்டிதான் வரும். கூடவே மாற்றுப் பெட்டி ஒன்றும் வந்து வாசலில் நிற்கும். ஸ்ரீகாந்த் முதல் நாளே வந்து சோதிப்பான். எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். வெளியே இடி உருண்டது.

"கடைசியா, நான் தவறினா இன்னா நஷ்டஈடுன்னு எழுதணும். எவ்ளோ போடட்டும்?"

"காசா?" பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மூஞ்சிக்கு இன்னா காசும்மா குடுப்பே? காசு வேணாம். நீ தவறினா நானே வந்து உன்னிய கேப்பேன்னு எயுது. ஏழாவதா."

"ஐயா, செத்தவங்க வந்து கேக்கறதுன்னு எழுதினா எந்தக் கோர்ட்டுலயும் செல்லாது."

"கோர்ட்டுல செல்லாதும்மா. உன்கிட்ட செல்லும்."

சசிரேகாவின் முதுகில் யாரோ பனிக்கட்டியை வைத்து இழுத்தது போலிருந்தது. செல்லாத ஒரு வரியைக்கூடத் தாளில் ஏற்றாதவள் அவள். ஆனால் அவர் சொன்னது எவ்வளவு நிஜம் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? எழுதினாள். ஏழு.

பிறகு ஷீபாவின் எண்ணைக் கேட்டாள். தானியேல் பைபிளின் பின்னட்டையிலிருந்து கிழித்த சின்னத் தாளை நீட்டினார். ஆறு வருஷம் மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்திருந்தன. சசிரேகா கடைப் போனிலிருந்தே வாட்ஸ்அப்பில் அழைத்து, பெரியவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தப் போனில் அழைத்தால் எதிர்முனையில் மாலை போட்ட ஐஸ் பெட்டியின் படம்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவளை அழைப்பவர்கள்தான் உண்டே தவிர, அவள் முந்திக்கொண்டு யாரை அழைத்தாள்?

"அலோ, ஷீபாங்களா? உத்திரமேரூர் ஐஸ் பெட்டி சசிரேகா பேசறேன். உங்க நைனா விஷயமா..."

எதிர்முனையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு எழுந்தது ஒரு குரல்.

"அய்யோ நைனா! எப்போ? எப்போங்க போச்சி உசுரு?"

"இல்லம்மா, கேளும்மா..."

அவள் கேட்கவில்லை. "ஆறு வருசம் உன்கூட பேசாத இருந்துட்டேனே நைனா! போன எடுத்து எடுத்து வெச்சேனே! நான் ஒரு வார்த்த பேசியிருக்கக் கூடாதா? அம்மாவும் போயி நீயும் போயி, எனக்கு யாரு கீறாங்க நைனா?" கடல் கடந்த ஏதோ ஒரு சமையலறையிலிருந்து வந்த அந்த ஒப்பாரி, உத்திரமேரூரின் இருண்ட முன்னறையை நிறைத்தது. தனக்காக அழும் ஒப்பாரியைத் தன் காதாலேயே கேட்கும் கொடுப்பினை யாருக்கு வாய்க்கும்! தானியேல் கண்களை மூடிக்கொண்டு, கையை மார்பில் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் மட்டும் இறங்கியது.

"பொட்டியில வெச்சிட்டீங்களா? மூஞ்ச காட்டுங்க. ஒரு தபா காட்டுங்க. பொதச்சிராதீங்க, உங்க கால்ல வுயறேன்!"

திரையில் வீடியோ அழைப்பு மின்னியது. என்ன செய்கிறோம் என்று புரியாமலே சசிரேகா அதை அழுத்தி, போனைப் பெரியவர் பக்கம் திருப்பிவிட்டாள். மின்சாரம் இல்லாத அறையில், போன் வெளிச்சம் பட்டு அந்த முகம் நீலம் பாரித்துத் தெரிந்தது. மூடிய கண்கள். குழி விழுந்த கன்னம்.

"நைனா..." என்றது திரை, மெதுவாக.

தானியேல் கண்ணைத் திறந்தார். "ஷீபா" என்றார்.

அந்த அலறலை சசிரேகா தன் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். இணைப்பு அறுந்தது.

இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை தூறத் தொடங்கி, வந்த வேகத்திலேயே நின்றது. "அழுதா, பாத்தியா?" என்றார் பெரியவர் கடைசியில். முகத்தில் ஒரு குழந்தையின் வெட்கம்.

கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. இந்த முறை ஷீபாவின் குரல் உலர்ந்திருந்தது.

"யாருங்க நீங்க? இது இன்னா வெளாட்டு? எனக்கு மாரு அடச்சி நான் செத்திருந்தா?"

சசிரேகா மன்னிப்புக் கேட்டாள். தான் யார், எந்தப் பெட்டி, ஆறு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது, இன்று அவர் எதற்கு வந்திருக்கிறார், எல்லாவற்றையும் சொன்னாள். தாளை எடுத்து ஒன்றிலிருந்து ஏழு வரை படித்தாள். ஏழாவதைக் கேட்டதும் எதிர்முனையில் மூச்சு நின்று வந்தது.

"அவரு செஞ்சாலும் செய்வாரு" என்றாள் ஷீபா. "நான் கையெழுத்து போட்டு போட்டோ அனுப்பறேன். நெஜத் தாளையும் தபால்ல அனுப்பிடறேன். ஆனா எட்டாவதா ஒண்ணு சேத்துக்கோங்க. அடுத்த மாசம் இருவதாம் தேதி எனக்கு லீவு. நான் வந்து எறங்கற வரைக்கும் அவரு சாவக் கூடாது. அத அவரு ஒத்துக்கினு கையெழுத்து போட்டாத்தான் நான் போடுவேன்."

"அம்மா, உசுரு அவரு கையில இல்லியேம்மா. இது செல்லாது."

"ஏழாவது மட்டும் செல்லுமாக்கா?"

சசிரேகா எட்டாவதை எழுதி, தாளைப் பெரியவர் பக்கம் தள்ளினாள்.

தானியேல் அதை நெடுநேரம் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "இன்னும் முப்பத்தி நாலு நாளு கீது" என்றார். "ராத்திரில நெஞ்சுல ஒரு பக்கம் இசுத்துப் புடிக்குதும்மா. அதுக்கோசரம்தான் ஓடியாந்தேன். வாக்கு குடுத்துட்டு தவறினா அவ மறுபடி என்கூட பேசவே மாட்டா."

"அப்போ டாக்டர்கிட்ட போங்க. நாளைக்கே. எழுதறேன் பாருங்க, 'அதற்கான மருத்துவம் பார்த்துக்கொள்வது முதலாம் நபரின் பொறுப்பு.' இது செல்லும்."

தானியேல் பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தன் பேரை எழுதினார். "அன்னிக்குக் கைநாட்டு வெச்சேனில்ல, அதுக்கப்புறம்தான் கத்துக்கினேன்" என்றார். பக்கத்துத் தையல் கடை சுதாவும், அங்கே துணி கொடுக்க வந்த ஜெயப்பிரியாவும் வாசற்படி தாண்டாமலே நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். வசந்த்குமாரின் இடம் மட்டும் காலி.

"போட்டுருவான். போடலன்னா ஞாயித்துக்கெயம சர்ச்சில எல்லாரு முன்னாடியும் கேப்பேன்."

ஒரு பிரதியைச் சட்டைக்குள் மார்போடு ஒட்டினாற்போல் செருகிக்கொண்டு பெரியவர் எழுந்தார். ஈரத் தரையில் செருப்பைத் தேடி மாட்டினார். சசிரேகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ச்சாரியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் கனகா, ஐஸ் பெட்டிக் கடையிலிருந்து வெளியே வரும் ஆளைப் பார்த்ததும் வழக்கம் போலக் குரல் கொடுத்தாள்.

"இன்னா பெரியவரே, பொட்டி யாருக்கு? யாரு தவறிட்டாங்க?"

"எனக்குத்தாம்மா" என்றார் தானியேல் உற்சாகமாக. "ஆனா அடுத்த மாசம் இருவது வரைக்கும் முடியாது. எயுதிக் குடுத்துட்டேன்."

கனகாவின் கையிலிருந்த தராசு அந்தரத்தில் நின்றது. அவர் நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். வழியில் ஓரிடத்தில் நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு மறுபடியும் நடந்தார். திருப்பத்தில் அந்த வெள்ளைச் சட்டை மறையும் வரை பார்த்திருந்துவிட்டு, சசிரேகா கதவைச் சாத்தினாள்.